பழி சுமந்த சிப்: ஒரு ஜூனோ-106 ரிப்பேர், முதலிலிருந்து கடைசிவரை

ரோலண்ட் ஜூனோ-106 என்ற பழைய சிந்தசைசர் கீபோர்டை வைத்திருப்பவர்கள் ரிப்பேருக்கு வரும்போது சொல்வது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: “அஞ்சு நோட்டு நல்லா வருது, ஆறாவது சொதப்புது.” இந்த முறை வந்தவர் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஓர் அண்ணன், அவர் புகார் இன்னும் கொஞ்சம் நீளம். ஆறு நோட்டில் ஒன்று விரலை எடுத்த பிறகும் நிற்காமல் கரகரவென்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று, ஸ்லைடரை எங்கே வைத்தாலும் அடைத்த மாதிரி மங்கலாகவே வருகிறது. போதாததற்குக் கோரஸை (சத்தத்தை அகலமாக்கும் எஃபெக்ட்) போட்டால் உஸ்ஸென்று இரைச்சல்.

இதில் அடைத்த நோட்டுக்காக ஏற்கெனவே ஓர் இடத்தில் கொடுத்திருக்கிறார். அங்கே அந்த வாய்ஸின் பழைய சிப்பைக் கழற்றிவிட்டு, இப்போது வெளிநாட்டில் புதிதாகச் செய்து விற்கும் மாற்றுச் சிப் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். முன்பு செத்துக் கிடந்த வாய்ஸ் பேச ஆரம்பித்தது, ஆனால் மங்கலாகவே நின்றுவிட்டது. “டூப்ளிகேட் சிப் இப்படித்தான் இருக்கும், ஒரிஜினல் செட்டா ஆறு வாங்கிட்டு வாங்க, எல்லாத்தையும் மாத்திடுவோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் பணம் புரட்டத் தயாராகவே வந்திருந்தார். “தம்பி, நீயே சொல்லு, ஆறையும் மாத்திடலாமா?” என்றார். “முதல்ல திறந்து பாத்துடுவோம்ணே” என்றேன்.

ஆறில் ஒன்றைக்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

மெஷின் எப்படி வேலை செய்கிறது

இது தெரியாமல் மேலே படித்தால் ஒட்டாது, அதனால் சுருக்கமாக. ஜூனோ-106 வெளிவந்தது 1984இல். ஒரே நேரத்தில் ஆறு நோட்டு ஒலிக்கும், அதாவது உள்ளே ஆறு தனித்தனி வாய்ஸ். ஒவ்வொரு வாய்ஸுக்கும் மூன்று கட்டம்: அலையை உருவாக்கும் பகுதி, அதைச் சீவும் பில்டர், கடைசியில் சத்தத்தைத் திறந்து மூடும் விசிஏ. சுருதியை 8253 என்ற டைமர் சிப்புகள் ஒரு பொதுக் கடிகாரத் துடிப்பை வகுத்துத் தருகின்றன. அதனால்தான் பழைய அனலாக் மெஷின்களைப் போல இது வெயிலுக்கு ஒரு சுருதி, ஏசிக்கு ஒரு சுருதி என்று அலையாது. எந்த நோட்டு எப்போது எழ வேண்டும், எவ்வளவு நேரத்தில் தேய வேண்டும் என்ற என்வலப் கணக்கையெல்லாம் உள்ளே இருக்கும் சிபியு போட்டு, அதை மின்னழுத்தமாக மாற்றி, 4051 என்ற சுவிட்ச் சிப்புகள் வழியாக ஒவ்வொரு வாய்ஸுக்கும் முறை வைத்துப் பங்கிடுகிறது. இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதற்கு முந்தைய ஜூனோ-60இல் (1982) பில்டருக்கு ஐஆர்3109, விசிஏவுக்கு பிஏ662 என்று தனித்தனி சிப்புகள் இருந்தன. 106இல் அந்த இரண்டு வேலையையும் சின்னதாகச் சுருக்கி, ஒரு விரல் நீளப் பலகையில் ஏற்றி, 80017ஏ என்று எண் போட்டு, மேலே கறுப்பு ரெசின் பூசி மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் கால்கள், பார்க்க ஒரே சிப் போல இருக்கும். வாய்ஸுக்கு ஒன்றாக ஆறு. இதே சாதனம் ரோலண்டின் எம்கேஎஸ்-7, எச்எஸ்-60 மாடல்களிலும் உண்டு, அவற்றுக்கும் இதே தலைவலி.

தலைவலி எங்கே என்றால், சிப்பைக் காப்பாற்றப் பூசிய அந்தக் கறுப்புப் பூச்சுதான் காலப்போக்கில் லேசாக மின்சாரம் கடத்த ஆரம்பிக்கிறது. விசிஏவையும் பில்டரையும் திறந்து மூடும் மின்னோட்டங்கள் மைக்ரோஆம்பியர் கணக்கில் ஓடுபவை, சில இடங்களில் அதற்கும் கீழே. அந்த அளவுக்குப் பக்கத்துக் காலிலிருந்து துளி கசிந்தாலே போதும், சிபியு மூடச் சொன்ன விசிஏ பாதி திறந்து நிற்கும், அல்லது கசிவு கூடிக் குறைவதற்கேற்ப வெடவெடவென்று சத்தம் வரும். மெஷினை உபயோகிக்காமல் உறை போட்டு வைத்திருந்தாலும் இது நடக்கும். ஜூனோ-60 இந்த நோயில் விழாததற்குக் காரணமும் இதுதான்: அங்கே இந்தப் பூச்சே கிடையாது.

இவ்வளவும் ஊரறிந்த விஷயம். ஊரறிந்ததால் வந்த வினை, 106இல் எந்த வாய்ஸ் மக்கர் செய்தாலும் உடனே “80017ஏ போச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடும், சரியாக இல்லாதபோதுதான் பணம் போகிறது.

முதலில் கரண்ட்

எந்தப் பழைய மெஷினானாலும் நான் மூடியைக் கழற்றியதும் தொடுவது பவர் சப்ளையைத்தான். அதற்கும் முன்னால் பின்பக்கத் தகட்டைப் படித்தேன்: 100 வோல்ட். ஜப்பான் உள்நாட்டு மாடல். அண்ணன் அதை நேரடியாக நம் வீட்டு பிளக்கில் சொருகாமல் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறார், நல்ல விஷயம். ஆனால் அந்த ட்ரான்ஸ்பார்மர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 230க்கு 110 வகை. நம் ஊரில் ராத்திரி நேரம் லைனில் 245 வந்தால் அது 117 வோல்ட்டைத் துப்பும். 100 வோல்ட் மெஷினுக்கு அது 17 சதவீதம் அதிகம். உள்ளே ரெகுலேட்டர் இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது, பிளஸ் 15, மைனஸ் 15, பிளஸ் 5 மூன்றும் சரியாகவே காட்டும். அந்த அதிகப்படியெல்லாம் ரெகுலேட்டரில் சூடாக மாறி, பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர்களை வருஷக்கணக்கில் வாட்டிக்கொண்டிருக்கும்.

அளந்தபோது மூன்று லைனும் அளவாகவே இருந்தன. ஸ்கோப்பில் (மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) பார்த்தால் மைனஸ் 15இல் மட்டும் கொஞ்சம் ரிப்பிள், அதாவது மின்னழுத்தத்தில் சின்ன அலை, மேடையில் யாருக்கும் கேட்காத அளவு, ஆனால் இருந்தது. பவர் போர்டின் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை அதே மதிப்பில், 105 டிகிரி வகையாகப் பார்த்து மாற்றினேன், ரிப்பிள் போய்விட்டது. இது வாய்ஸ் பிரச்சினையைத் தீர்க்காது என்று தெரிந்தேதான் செய்தேன். அடித்தளம் ஆடிக்கொண்டிருக்கும்போது மேலே எதை அளந்தாலும் அந்த அளவை நம்ப முடியாது.

ட்ரான்ஸ்பார்மருக்கு: சென்னை ரிச்சி தெருப் பக்கம் சொன்ன அளவுக்குச் சுற்றிக் கொடுப்பவர்களிடம் 100 வோல்ட் செகண்டரி கேட்டு வாங்கச் சொன்னேன். 100 விஏ தாராளம்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன்

போர்டில் ஒரு சிஆர்2032 லித்தியம் செல் சால்டர் செய்யப்பட்டிருக்கும். 128 பேட்ச்சும் (சேமித்து வைத்த டோன்கள்) அதன் தயவில்தான் வாழ்கின்றன. அதைக் கழற்றினால் அவ்வளவும் காலி, அதில் அண்ணன் பல வருஷமாகச் சேர்த்து வைத்த டோன்கள் இருக்கின்றன. இந்த மெஷினில் கேசட்டில் சேமிக்கும் வசதி உண்டு, பின்பக்கம் சேவ் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டரின் ஆடியோ உள்ளீட்டுக்கு ஒரு வயர் போட்டு அந்தக் கீச்சு சத்தத்தை வேவ் பைலாகப் பதிந்துகொண்டேன். பதிந்ததோடு விடாமல் வெரிஃபை கொடுத்து மெஷினிடமே திருப்பிக் கேட்க வைத்து, சரி என்று அது சொன்ன பிறகுதான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். பழைய செல்லை எடுத்த இடத்தில் ஒரு ஹோல்டர். அடுத்த முறை செல் மாற்ற யாரும் சால்டர் செய்ய வேண்டாம்.

எந்த வாய்ஸ், எந்தக் கட்டம்

இனிமேல்தான் வேலை. கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரைப் போட்டால் 106 டெஸ்ட் மோடுக்குப் போகும். அதில் ஒவ்வொரு கீயை அழுத்தும்போதும் அந்த நோட்டை எந்த வாய்ஸ் வாசிக்கிறது என்ற எண் டிஸ்ப்ளேயில் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நடந்து போகலாம். சாதாரண மோடில் தேடுவதானால் பாலி 1இல் தேடுங்கள், அதில் வாய்ஸ்கள் சுழற்சியாக வரும். பாலி 2இல் ஒற்றை நோட்டாக வாசித்தால் அதே வாய்ஸ் திரும்பத் திரும்ப வந்து, கெட்டது ஒளிந்துகொள்ளும். சில பேர் “வீட்ல வாசிச்சா நல்லாத்தான் இருக்கு, மேடையில கார்டு போட்டாத்தான் வருது” (கார்டு என்றால் பல நோட்டைச் சேர்த்து அழுத்துவது) என்று குழம்புவது இதனால்தான்.

கரகரப்பு மூன்றாவது வாய்ஸில். அடைப்பு ஆறாவதில்.

அடுத்து, எந்தக் கட்டம் என்று பார்க்க வேண்டும். இதற்கு ஸ்கோப் இல்லாமலே ஒரு நல்ல வழி இருக்கிறது. அலைகளையெல்லாம் அணைத்துவிடுங்கள், சா, பல்ஸ், சப், நாய்ஸ் எதுவும் வேண்டாம். ரெசொனன்ஸை முழுதாக ஏற்றுங்கள். இப்போது பில்டரே தானாக விசில் அடிக்கும். பில்டரின் கீபோர்டு ஸ்லைடரையும் முழுக்க ஏற்றினால் அந்த விசில் நோட்டுக்கு நோட்டு சுருதி மாறும். ஆறு வாய்ஸும் ஒரே மாதிரி பாட வேண்டும். இங்கே ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து நான்கும் பாடின. மூன்றாவது பாடவே இல்லை, கரகரப்பு மட்டும். ஆறாவது பாடியது, ஆனால் எந்தக் கீயை அழுத்தினாலும் ஒரே சுருதி. கட்டாஃப் ஸ்லைடரை மேலும் கீழும் இழுத்தாலும் அதே சுருதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆறாவது வாய்ஸின் பில்டர் விசில் அடிக்கிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது. சுத்தமாக, கரகரப்பில்லாமல் அடிக்கிறது. அதற்குச் சொல்வது கேட்கவில்லை, அவ்வளவுதான். சொல்வது கேட்காததற்கு இரண்டு காரணம் இருக்கலாம், ஒன்று அதன் காது கெட்டிருக்கிறது, இல்லையென்றால் அதற்கு யாரும் எதுவும் சொல்லவே இல்லை. முதல் கடையில் இந்த இரண்டாவதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வேறு கதை. விசிஏவைக் கேட் நிலையில் (கீயை அழுத்தினால் திறப்பு, விட்டால் மூடல்) வைத்து, கீயை விட்டுவிட்டு, மூன்றாவது 80017ஏயின் விசிஏ கட்டுப்பாட்டுக் காலில் மீட்டரை வைத்தேன். மற்ற வாய்ஸ்கள் ஓய்வில் காட்டும் அதே அளவுதான் அங்கேயும். அதாவது மூடு என்ற கட்டளை ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஸ்பீக்கரில் சத்தம் ஓடுகிறது. கட்டளை சரி, கீழ்ப்படிதல் இல்லை: சிப்புக்குள் கசிவு. பில்டரின் உள்ளீட்டுக் காலில் ஸ்கோப் வைத்தால் சா அலை பல் பல்லாக நன்றாக வருகிறது, ஆக அலை உருவாக்கும் பகுதிமீதும் பழி இல்லை. இங்கே ஊர் வழக்கம் சரிதான், சந்தேகமே வேண்டாம்.

இதையெல்லாம் செய்துகொண்டே மெஷினை ஓட விட்டிருந்தேன். ஒரு மணி நேரம் போல ஆனதும் ஐந்தாவது வாய்ஸ் நடுநடுவே லேசாகப் படபடக்க ஆரம்பித்தது. குளிர்ந்ததும் நின்றுவிட்டது, மறுபடி சூடானதும் மறுபடி. அண்ணன் இதைச் சொல்லவே இல்லை, மூன்றாவதின் இரைச்சலில் இது அவருக்குக் கேட்டிருக்காது. இப்படித் திறந்த மெஷினைச் சூடாகும்வரை ஓட விட்டுப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால், அடுத்த மாதமே திரும்ப வரும்.

ஆறாவது

போர்டைத் திருப்பினேன். ஆறாவது சிப்பின் இடத்தில் மட்டும் ஃப்ளக்ஸ் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது, சால்டர் குமிழ் குமிழாக. மேலே புதுச் சிப், நேராகப் போர்டில் சால்டர் செய்திருந்தார்கள், சாக்கெட் இல்லை.

கட்டுப்பாட்டு மின்னழுத்தம் வரும் வழியைப் பின்தொடர்ந்தேன். 4051இலிருந்து வெளியே வந்து, அந்தந்த வாய்ஸின் சின்ன கெபாசிட்டரில் தங்கி, ஆப்-ஆம்ப் பஃபர் வழியாக, பில்டர் ட்ரிம்மர்களை (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகுகள்) தாண்டி, சிப்பின் காலுக்கு. பஃபர் வெளியீட்டில் ஸ்கோப் முனையை வைத்துக் கட்டாஃப் ஸ்லைடரை இழுத்தேன், கோடு அழகாக ஏறி இறங்கியது. ட்ரிம்மருக்கு அந்தப் பக்கம் வைத்தேன், ஏறி இறங்கியது. சிப்பின் காலிலேயே வைத்தேன். அசையவில்லை. ட்ரிம்மருக்கும் காலுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான செம்புத் தடம், அவ்வளவுதான்.

ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காலைச் சுற்றியுள்ள செம்பு வளையம் போர்டிலிருந்து பெயர்ந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வளையம் தடத்தோடு சேரும் கழுத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. மேலே சால்டர் பளபளவென்று மூடியிருந்ததால் வெறும் கண்ணுக்கு நல்ல ஜாயின்ட் மாதிரியே தெரிகிறது. மீட்டர் வைத்தால் ஓப்பன், தொடர்பே இல்லை.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். பழைய சிப்பைக் கழற்றும்போது எல்லாக் காலிலும் சால்டர் முழுசாக இளகுவதற்கு முன்னால் இழுத்திருக்கிறார்கள். செம்பு கூடவே வந்துவிட்டது. அதன்மேல் புதுச் சிப்பை வைத்து, சால்டரை ஊற்றி மூடிவிட்டார்கள். சத்தம் வந்தது, ஏனென்றால் ஒலி போகும் கால்கள் ஒழுங்காக இருந்தன. பில்டருக்குக் கட்டளை மட்டும் போகவில்லை. அதற்குப் பழியைச் சிப்பின்மேல் போட்டாயிற்று. நாற்பது வருஷப் போர்டில் செம்பு போர்டோடு ஒட்டியிருக்கும் பலம் புதிது போல இருக்காது, அதனால் பேட் (அந்தச் செம்பு வளையம்) தூக்குவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அதில் எனக்குக் கோபம் இல்லை. தூக்கியதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது, அதைச் செய்யாமல் ஒருவரை ஆறு சிப் வாங்க அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரிசெய்யப் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. புதுச் சிப்பைப் பத்திரமாகக் கழற்றினேன். எல்லாக் காலிலும் புது சால்டர் கொடுத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சி, கால் ஓட்டைக்குள் தளர்வாக ஆடுகிறதா என்று ஊசியால் தட்டிப் பார்த்து, ஆடிய பிறகுதான் தூக்கினேன், இழுக்கவே இல்லை. அந்த இடத்தில் உருண்டைக் கால் சாக்கெட் வரிசை ஒன்றை வெட்டி வைத்து, ட்ரிம்மர் காலிலிருந்து சாக்கெட் காலுக்குப் போர்டின் அடியில் மெல்லிய வயர் ஒன்று. பெயர்ந்த வளையத்தை எபாக்ஸி வைத்து அழுத்தி ஒட்டினேன். சிப்பைச் சொருகிப் பவர் போட்டதும் ஆறாவது வாய்ஸ் ஸ்லைடரோடு திறந்து மூடியது. அண்ணனைக் கூப்பிட்டு போனிலேயே வாசித்துக் காட்டினேன். “அதே சிப்பா தம்பி?” என்று இரண்டு தரம் கேட்டார். “அதேதாண்ணே.”

மூன்றாவதும் ஐந்தாவதும்: அசிட்டோன் குளியல்

இந்த இரண்டு ஒரிஜினல் சிப்புகளுக்கும் தெரிந்த வைத்தியம்தான். கழற்றி, கறுப்புப் பூச்சை அசிட்டோனில் ஊறவைத்து உரிப்பது. கெமிக்கல் கடையில் கிடைக்கும் சுத்த அசிட்டோன் வாங்குங்கள், நகப்பூச்சு அழிக்கும் பாட்டில் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். மூடி போட்ட கண்ணாடி ஜாடி வேண்டும், சில பிளாஸ்டிக் டப்பாக்களை அசிட்டோன் கரைத்தே விடும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ சால்டரிங் அயர்னோ இருக்கக் கூடாது, அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஒரு நாளில் மேல் பூச்சு நெகிழும். சில சிப்புகளுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும், நடுவில் அசிட்டோனை மாற்ற வேண்டியிருக்கும். அவசரப்பட்டுக் கத்தியால் சுரண்டினால் உள்ளே இருக்கும் பொடிப் பாகங்கள் கையோடு வந்துவிடும். நன்றாக ஊறியபின் புளியைப் பிசைந்து கொட்டையை எடுப்பது போல விரலாலேயே தள்ளினால் பூச்சு தோல் தோலாகக் கழன்று வரும், மிச்சத்துக்கு மரப் பல்குச்சி. கால்களின் வேரில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. அங்கே பூச்சுதான் கால்களுக்குப் பிடிமானமாகவும் இருந்தது, அது போன பிறகு ஒரு தரம் வளைத்தாலே கால் கையில் வந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதல் தரம் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஏதோ மர்மச் சிப் என்று நினைத்தால், பில்டருக்கும் விசிஏவுக்குமான சின்னச் சின்ன ஐசிகளும், பொடி ரெசிஸ்டர் கெபாசிட்டர்களும் ஏற்றிய குட்டிப் போர்டு. பழைய ஜூனோ-60இல் பரப்பி வைத்திருந்த அதே சமாச்சாரம் நெருக்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆல்கஹாலில் அலசி, முழுசாகக் காய விட்டு, இரண்டையும் சாக்கெட்டில் சொருகினேன். மூன்றாவது விசில் அடித்தது, கீயை விட்டதும் சட்டென்று அடங்கியது. ஐந்தாவதைச் சாயந்தரம் முழுக்க ஓட விட்டும் படபடப்பு வரவில்லை. அசிட்டோன் எல்லாச் சிப்பையும் எழுப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஐசியே போயிருந்தால் உரித்தும் பயனில்லை, அப்போது மாற்றுச் சிப்தான் வழி, அவை நன்றாகவே வேலை செய்கின்றன. இதே மெஷினின் ஆறாவது வாய்ஸ் அதற்குச் சாட்சி.

இதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாதம். மூன்றும் ஐந்தும் போனது என்றால் ஒன்று, இரண்டு, நான்கும் ஒருநாள் போகத்தானே போகிறது, போர்டு வெளியே இருக்கும்போதே அவற்றையும் ஊறவைத்துவிடலாமே என்றார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பேட் பெயர்ந்ததால் வந்த கோளாறை அப்போதுதான் சரிசெய்து முடித்திருந்தோம். நன்றாக ஓடும் மூன்று சிப்பை நாற்பது வருஷப் போர்டிலிருந்து பிடுங்கினால் ஒவ்வொரு காலும் ஒரு புது ஆபத்து. கசிவு மெதுவாக வரும் நோய், முதலில் லேசாகப் படபடத்து எச்சரிக்கை கொடுக்கும். அப்போது கொண்டு வாருங்கள், அன்றைக்குக் கழற்றிக்கொள்வோம் என்றேன். அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டார்.

ட்யூனிங்

சிப்பைச் சுத்தம் செய்துவிட்டு ட்ரிம்மரைத் தொடாமல் மூடிவிட்டால் வேலை பாதிதான் ஆனது. பூச்சின் கசிவோடு சேர்த்து யாரோ எப்போதோ சரிக்கட்டி வைத்த அளவுகள் அவை, கசிவு போனதும் அவை தப்பாகிவிடும். டெஸ்ட் மோடிலேயே ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் ஏற்ற டோன் அமைப்புகள் உள்ளே இருக்கின்றன. விசிஏ ஆஃப்செட்டில் ஆரம்பித்தேன். அது சரியில்லையென்றால் ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் டொக்கென்று ஒரு சத்தம் வரும். பிறகு ரெசொனன்ஸ், ஆறு விசிலும் ஸ்கோப்பில் ஒரே உயரம். அடுத்து பில்டர் அதிர்வெண்ணும் விட்த்தும் (நோட்டுக்கு நோட்டு பில்டர் எவ்வளவு நகர வேண்டும் என்பது). இவை இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும், அதனால் இங்கும் அங்குமாகப் பல தரம் போய் வர வேண்டும். கீழே ஒரு நோட்டில் வைத்த விசில், இரண்டு ஸ்தாயி மேலே போனால் சரியாக நான்கு மடங்கு அதிர்வெண் காட்ட வேண்டும். ஃப்ரீக்வென்சி கவுண்டர் இல்லாதவர்கள் போனில் கிட்டார் ட்யூனர் வைத்தே பார்க்கலாம். கடைசியில் கெய்ன், ஆறும் ஒரே சத்தம்.

அப்புறம் ஸ்லைடர்கள். கடலோர ஈரக் காற்றில் இருந்த மெஷின், பாதி ஸ்லைடர்கள் இழுத்தால் எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தன என்று எழுதக் கை போகிறது, உண்மையில் சத்தம் வரவில்லை, மதிப்புதான் தாவித் தாவிப் போனது. காண்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் இழுத்ததில் பெரும்பாலானவை சரியாகின. எல்எப்ஓ ரேட் (சத்தத்தை மெதுவாக ஆட்டும் அலையின் வேகம்) மட்டும் நடுவில் ஓர் இடத்தில் இன்னும் தாவுகிறது, அதற்குப் புது ஸ்லைடர் வரவழைத்து மாற்ற வேண்டும். திருவிழா சீசன், அடுத்த வாரமே கச்சேரி, அதுவரை காத்திருக்க அண்ணனுக்குப் பொறுமை இல்லை. வந்ததும் மாற்றித் தருவதாகப் பேச்சு.

கோரஸ் இரைச்சல்

மூன்றாவது புகார் மிச்சம் இருந்தது. கோரஸ் 1, கோரஸ் 2 இரண்டிலும் உஸ்ஸென்ற சத்தம். 106இன் கோரஸ் எம்என்3009 என்ற பக்கெட் பிரிகேட் சிப் இரண்டை வைத்துச் செய்தது, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் சிக்னலை 256 கட்டங்களில் கைமாற்றிக் கைமாற்றித் தாமதப்படுத்துகிறது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் இரைச்சல் ஏறும். கோரஸில் கோளாறு இருந்தால் ஒரு பக்கம் மட்டும் உடைந்து கேட்கும், அல்லது ஒரு பக்கம் மௌனமாகிவிடும், அல்லது டிக் டிக்கென்று துடிப்பு வரும். இங்கே இரண்டு பக்கமும் சமமாக, சுத்தமாக, தாராளமாக இரைகிறது. கோரஸை அணைத்தால் போய்விடுகிறது.

இது ரிப்பேர் இல்லை, இந்த மெஷினின் இயல்பே இதுதான், புதிதாக வந்த நாளிலும் இப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். இதைக் குறைக்க மாற்றங்கள் செய்பவர்கள் உண்டு, செய்தால் அந்தக் கோரஸின் நிறமும் சேர்ந்து மாறும், எனக்கு அதில் விருப்பமில்லை. மேடையில் மிக்ஸருக்குப் போகும்போது வால்யூமை நன்றாக ஏற்றி வைத்து, மிக்ஸர் பக்கம் கெய்னைக் குறைத்துக்கொண்டால் பாட்டு நடுவே தெரியாது என்றேன். அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோரஸ் 1ஐப் போட்டுக் கார்டுகளாக அடுக்கிக்கொண்டே போனார். “ஆமா தம்பி, அப்பவும் இரைஞ்சுது. அப்ப யாரு கேட்டா” என்று சொல்லிவிட்டு, பழைய ட்ரான்ஸ்பார்மரை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வாய் என்று பேரம் பேச ஆரம்பித்தார்.